சத்தம் வராத விண்வெளிப் படம்

ரேடியோ என்பது கல்லூரியில் அவளுக்கு வைத்த பெயர். காலையில் வகுப்புக்குள் நுழையும்போது வாயைத் திறந்தாளானால், சாயங்காலம் கடைசித் தோழி பஸ் ஏறும்வரை மூடமாட்டாள். "நடுவுல விளம்பரம்கூட கிடையாதுடா" என்று கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசலைத் தாண்டியதும் இந்த ரேடியோ அணைந்துவிடும் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

அவளுடைய அம்மாவுக்குக் காது கேட்காது. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாய்ப்பேச்சும் இல்லை. அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். மற்ற நாட்களில் அம்மாவும் மகளும் கையால் பேசிக்கொள்வார்கள். கையால் என்றால் பசி, தண்ணீர், வா, போ என்று நாலு சைகை என நினைத்துவிடக் கூடாது. குத்தல், கேலி, அடுத்த வீட்டு வம்பு, கோபித்துக்கொண்டு திரும்பிக்கொள்வது எல்லாம் உண்டு. பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் மட்டும் சண்டை நின்றிருக்கும். சோப்புக் கையோடு எப்படி வாதாடுவது?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிவிக்குச் சத்தம் வைக்கமாட்டார்கள். ரேடியோவுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள் அவள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்க, பக்கத்தில் இருந்த அம்மா அவள் தோளைத் தட்டி என்ன என்ன என்று கேட்க, அவள் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த வேடிக்கை வந்து போயிருந்தது. அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தவள் தானாக எழுந்துபோய்ச் சத்தத்தை அணைத்தாள். அன்றிலிருந்து அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள், அல்லது ஒரே நேரத்தில் ஒன்றும் புரியாமல் முழிப்பார்கள். சினிமா தியேட்டர் பக்கம் போவதே இல்லை. இருட்டில் கை தெரியாது.

இரண்டாம் ஆண்டில் அறிவியல் புனைவு என்று ஒரு விருப்பப் பாடம் வந்தது. வியாழக்கிழமை மதியம் சும்மா இருக்கிறதே என்றுதான் அதில் சேர்ந்தாள். வாரம் ஒரு கதை அல்லது ஒரு படம், திங்கட்கிழமை இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு. சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனாவோடு திரிகிற ஒரு பேராசிரியை அந்தப் பாடத்தை எடுத்தார். பாராட்டுவதில் அப்படி ஒரு கருமி. முதல் வாரம் ரேடியோ கதையை மூச்சு விடாமல் சுருக்கி எழுதிக் கொடுத்தாள். திரும்பி வந்த தாளில் ஒரே வரி: "கதை எனக்குத் தெரியும். இதில் நீ எங்கே?"

அந்தக் கேள்வி அவளைக் கடுப்பேற்றியது. நான் எங்கே என்றால்? நான் வீட்டில் இருக்கிறேன், அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன், செவ்வாய்க் கிரகத்தில் எனக்கு என்ன வேலை?

இரண்டாம் வாரக் கதையில் வேற்றுக் கிரகத்து ஆட்களோடு பேச ஒரு பெட்டி இருந்தது. இவர்கள் பேசுவதை அவர்களுக்கும் அவர்கள் பேசுவதை இவர்களுக்கும் மாற்றிச் சொல்லும். ஏதாவது குழப்பம் வந்தால் எல்லோரும் பெட்டியைத் திட்டுவார்கள். படிக்கப் படிக்க அவளுக்குக் காது சூடாகியது. நாலு வயதில் ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேஜைமேல் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை அம்மாவுக்கும் அம்மா சொன்னதை டாக்டருக்கும் மாற்றிச் சொன்னவள் அவள். ரேஷன் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து கத்தும்போது எல்லாம் அவள்தான். குறிப்பில் வெளுத்து வாங்கினாள். "இந்தப் பெட்டி நான்தான். எத்தனையோ கதைகளில் என்னை எழுதியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒருவர்கூட என்னைப் பார்த்து, களைப்பாக இருக்கிறதா என்று கேட்கவில்லை." பேராசிரியை சிவப்பில் எழுதியிருந்தது இரண்டே சொல்: "மேலே எழுது."

மூன்றாவது கதையில் அவள் மனதைப் பறிகொடுத்தாள். தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு கப்பலில் ஒரு தையல்காரர். பிள்ளைகள் வளர்கிறார்கள், கப்பலுக்கு வெளியே போடும் உடுப்பு வளர்வதில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கை நீளத்தைப் பிரித்து விடவேண்டும், பிரித்த இடத்தில் ஊசி முனையளவு காற்றுக்கூட ஒழுகக் கூடாது. கதை முழுக்க அவ்வளவுதான். ராக்கெட்டை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வளர்கிற பிள்ளைக்குக் கை நீளம் போதாதே என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே! அந்த எழுத்தாளரை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் அம்மா வேலை செய்யும் இடத்துக்கே போய் அந்தக் கதையைச் சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறை. முன்பக்கம் சில்லென்ற குளிர்சாதனமும் சிரிப்பும், பின்பக்கம் அம்மாவும் சாணைச் சக்கரமும். சீட்டில் எழுதியிருக்கும் பவரைப் பார்த்து, கண்ணாடி வில்லையின் மையத்தில் ஒரு புள்ளி வைத்து, பிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்து, பிரேமைச் சூடு காட்டி நெகிழ்த்தி வில்லையைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைப்பதுதான் அம்மாவின் வேலை. புள்ளி மயிரிழை தள்ளிப்போனால் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வரும். பதினாறு வருடத்தில் தலைவலி என்று திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அம்மா கதையைப் பார்த்துக் கேட்டாள். சக்கரத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"அந்தக் கப்பல்ல கிட்டப்பார்வை உள்ளவங்க இருக்க மாட்டாங்களா? வெளியே போறப்ப மூக்குக் கண்ணாடி போட்டு, அது மேல தலைக்கவசம் மாட்டிட்டா, வியர்வையில வழுக்கி இறங்குமே. உள்ளே கையை விட்டு எப்படித் தூக்கி விடுவாங்க?"

ரேடியோ சிரித்த சிரிப்பில் முன்பக்கத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இதையும் குறிப்பில் எழுதினாள். இந்த முறை சிவப்புப் பேனா இரண்டு வரிக்கு நீண்டிருந்தது: "இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்."

ஏழாவது வாரம்தான் அந்தப் படம்.

ஆய்வகத்துக்குப் பக்கத்திலுள்ள அறையில் திரை கட்டியிருந்தது. படக்கருவியைப் பார்த்துக்கொள்பவர் ஆய்வக உதவியாளர், எல்லோருக்கும் அண்ணன். பேராசிரியை முன்னால் வந்து நின்று சொன்னார்: "இந்தப் படத்துல சத்தம் ரொம்பக் கம்மி. அதுதான் இதோட பெருமை. பொறுமையா உக்காந்து பாருங்க. யாராவது வாயைத் திறந்தீங்கன்னா வெளியே அனுப்பிடுவேன்." ரேடியோவை ஒரு தரம் குறிப்பாகப் பார்த்துவிட்டு, முதல்வர் கூப்பிடுகிறார் என்று கிளம்பிவிட்டார். அண்ணனும் படத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கோ ஒரு தொலைதூர நிலவில் ஒரு பெரிய விளக்கு. போகிற வருகிற கப்பல்களுக்கு வழிகாட்ட அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. நூறு வருடமாக அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, பழுது பார்த்துவருவது மனித முகமும் ஒற்றைக் கையும் உள்ள ஓர் இயந்திரம். அதைப் பார்க்க ஒரு பெண் வருகிறாள். இரண்டு பேருமாக வேலை செய்கிறார்கள். அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கிறது, ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கடைசியில் அவள் அந்த இயந்திரத்தின் மார்பை மூன்று முறை தொடுகிறாள். அதன் கை மெதுவாகத் தாழ்கிறது. அவள் கிளம்பும்போது விளக்கு ஒரு சுற்று சுற்றி, அவள் கப்பலைப் பார்த்து நிற்கிறது.

தொண்ணூற்று நாலு நிமிடம் முப்பத்தொரு பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோ அழுதுவிட்டாள். எல்லாப் படத்திலும் நிலாவுக்குப் போகிறவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். இங்கே ஒருத்தி காதில்லாத ஒன்றின் முன்னால் நின்று பேசுகிறாள், அதற்குக் கேட்காது என்று தெரிந்தும் பேசுகிறாள், அதுவும் வேலையாலேயே பதில் சொல்கிறது. படம் எடுத்தவர் பார்க்கிறவர்களின் காதையும் அணைத்துவிட்டு, அந்த இயந்திரத்தின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். என்ன துணிச்சல், என்ன மரியாதை! இரண்டு பக்கம் போதாமல் ஐந்து பக்கம் எழுதினாள். "என் அம்மாவும் நானும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சமமாகப் பார்க்கக்கூடிய முதல் படம் இது. நடுவில் நான் தேவையில்லை" என்று முடித்திருந்தாள்.

பேராசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார். வரும் சனிக்கிழமை மதியம் கல்லூரி அரங்கில் அதே படத்தைப் பொதுவில் போடுகிறார்கள், பெற்றோரும் வரலாம், படத்துக்கு முன்னால் இந்தக் கட்டுரையை அவள் படிக்கவேண்டும்.

"எங்கம்மாவை அழைச்சுட்டு வரலாமா மேடம்?"

"அவங்களுக்காகத்தானே படிக்கச் சொல்றேன்."

ரேடியோவின் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடினாள். அம்மா முதலில் நம்பவில்லை.

"படத்துல யாரும் பேச மாட்டாங்களா?"

"பேசுவாங்க. ஆனா யாருக்குமே கேக்காது. எனக்கும் கேக்காது, உனக்கும் கேக்காது."

"அப்போ உன்னை நடுவுல கேட்டுக்கிட்டே இருக்க வேண்டாம்."

"ஒரு தடவைகூட வேண்டாம்."

அம்மா கடையில் அரைநாள் விடுப்பு கேட்டாள். எதற்கு என்று முதலாளி கேட்டதற்குச் சீட்டில் எழுதிக் காட்டினாளாம்: சினிமாவுக்குப் போகிறேன். அந்தச் சீட்டைக் கடை முழுக்க எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். பெட்டியின் அடியிலிருந்த நல்ல உடுப்பு வெளியே வந்து கொடியில் காற்றாடியது.

வெள்ளிக்கிழமை மதியம் ரேடியோ வராந்தாவில் அண்ணனைப் பார்த்தாள். தோளில் ஒயர்ச் சுருளோடு போய்க்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சத்தம் அருமையா இருக்கும்மா. அரங்கத்துல புது ஸ்பீக்கர். அன்னைக்கு உங்க வகுப்புல ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி வாய்மொழித் தேர்வுக்குக் கொண்டுபோயிட்டேன், மறந்தே போச்சு. ஒருத்தராவது வந்து சத்தம் வரலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா, அது சத்தமில்லாத படம்தானே?"

"யாரு சொன்னா? அந்தப் பொண்ணு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருக்கும். பின்னணி இசைதான் கிடையாது."

பேராசிரியையின் அறைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் பேராசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை. அலமாரியிலிருந்து வகுப்பின் குறிப்புகளை எடுத்துப் புரட்டினார். முப்பத்தொரு பேரும் மௌனத்தை வானளாவப் புகழ்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரன் 'பிரபஞ்சத்தின் மௌனம்' என்று தலைப்பே போட்டிருந்தான். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சத்தம் கம்மின்னு நான் சொன்னதையே திருப்பி எழுதியிருக்கீங்கன்னு நினைச்சேன்மா. உங்கம்மா உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்கன்னும் நினைச்சுட்டேன். உங்க வீட்டுல எப்பவுமே சத்தம் இருக்காதுன்னா உனக்குத் தெரியாம போனது நியாயம். இந்த முப்பது பேருக்கு என்ன வந்துச்சு?" பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. நான் அந்தப் படத்தைப் பதினோரு தடவை பார்த்திருக்கேன். அந்த இயந்திரத்தோட பக்கத்துல ஒரு தடவைகூட நான் உக்காரலை. நீ உக்காந்திருக்கே. கட்டுரையை மாத்தாதே. ஸ்பீக்கர் கதையை முதல்ல சொல்லிட்டு, அப்படியே படி."

"மேடம், நாளைக்கும் சத்தத்தை அணைச்சுட முடியாதா?"

"இருநூறு பேர் வர்றாங்கம்மா. அவங்க அந்தக் குரலைக் கேக்க வேண்டாமா?"

"எழுத்தாவது போட முடியாதா, கீழே?"

"இந்தப் பிரதியில இல்லையே" என்றார் பேராசிரியை. அவர் குரலில் இருந்த வருத்தம் நிஜமானது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரேடியோ தனக்குத்தானே ஒத்திகை பார்த்தாள். அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. அம்மா, படத்துல பேச்சு இருக்கு, இருட்டுல என் கை உனக்குத் தெரியாது, நீ பாதியில எழுந்து வரவேண்டியிருக்கும். கதவைத் திறந்தால் அம்மா உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்காரலாமா நடுவில் உட்காரலாமா என்று கேட்டாள். ஒத்திகை பார்த்ததை ரேடியோ சொல்லவில்லை. நடுவில் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. அம்மா நடுவில் மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ மேடையேறினாள். வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் படிப்பதாக ஏற்பாடு, மைக்கைக் கழுத்தருகே மாட்டியிருந்தார்கள். வகுப்புக்காரர்கள் அவள் கையால் பேசுவதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள் என்று பிறகு கடைசி பெஞ்சுக்காரன் சொன்னான்.

"நாங்க இந்தப் படத்தைப் பார்த்த அன்னைக்கு ஸ்பீக்கர் ஒயரை அண்ணன் பிடுங்கிட்டுப் போயிருந்தாரு. முப்பத்தொரு பேரும் அதைக் கலைன்னு நினைச்சுட்டோம்" என்றது வாய். அரங்கம் வெடித்துச் சிரித்தது. அதே நேரம் கை, "எல்லாருக்கும் வணக்கம், வந்ததுக்கு நன்றி" என்றது. அது தானாக நடந்தது. பதினாறு வருடப் பழக்கம், கேட்டு வருமா என்ன? அதற்குப் பிறகு வாயும் கையும் சேர்ந்துகொண்டன, ஐந்து பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். கைதட்டல் நிற்க வெகுநேரமானது. அம்மாவும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள், காது கேட்காதவர்களின் கைதட்டல் அது.

விளக்கு அணைந்தது. ரேடியோ அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இனி எந்த நிமிடமும் தோளில் அந்தத் தட்டல் விழும், என்ன சொன்னாங்க என்று கேட்கும். கைபேசி வெளிச்சத்தை உள்ளங்கையில் மறைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். குரல் வந்தது.

அவள் இயந்திரத்தோடு பேசவில்லை. தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய மாதிரி. உதிரிப் பாகம் கிடைக்காது. சுற்றியிருப்பது எதையும் அறியாது. இன்று அதன் பக்கத்திலேயே நின்று வேலை செய்தேன், என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நிறுத்திவிடப் பரிந்துரைக்கிறேன். வார்த்தைகள் அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அலுவலகத்தனமாக இருந்தன. மார்பில் மூன்று முறை தொட்டாளே, அது நிறுத்தும் பொத்தான்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சொன்னாள். விளக்கின் கடைசிச் சுற்று விடைபெறுதல் இல்லை, மின்சாரம் தீர்ந்து நிற்பது.

ரேடியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மேடையில் நின்று நட்பு என்று படித்தாளே! ஆனாலும் காதை மூடிக்கொள்ள முடியவில்லை, அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. மூன்று என்று சொல்லும்போது அது லேசாக உடைந்து, உடனே தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. அப்போதுதான் பேராசிரியை பதினோரு தடவை ஏன் பார்த்தார் என்று புரிந்தது. இது வேறு படம், இதுவும் பெரிய படம்.

தோளில் தட்டல் விழவே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், வில்லையில் புள்ளி வைக்கும்போது பார்ப்பாளே அந்தப் பார்வை.

படம் முடிந்து வெளியே வந்தார்கள். படிக்கட்டில் நல்ல வெயில். மற்றவர்கள் டீ வாங்கக் கூடினார்கள். அம்மா அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு அதை அணைக்க மனசே இல்லை. ஆனாலும் அணைச்சுட்டா."

"அணைச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே வந்தா? வந்ததுலேர்ந்து அதைப் பத்திதான் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தா."

"அதுகிட்டப் பேசறான்னுதானே நான் எழுதினேன்."

"அது தப்பு. ஒருத்தர்கிட்டப் பேசறவங்க அவர் மூஞ்சியைப் பார்ப்பாங்க. பத்திப் பேசறவங்க பார்க்க மாட்டாங்க, பக்கத்துல எதையாவது பார்ப்பாங்க. அவ கடைசி வரைக்கும் விளக்கையே பார்த்தா. தொடறப்பதான் முதல்முதலா மூஞ்சியைப் பார்த்தா, உடனே அழுகை வந்துடுச்சு." அம்மாவின் கை கொஞ்சமும் தடுமாறவில்லை. "டாக்டர் சுவத்துல இருக்கிற காலண்டரைப் பார்ப்பாரு. முதலாளி கல்லாவைப் பார்ப்பாரு. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

டாக்டர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னதெல்லாம் ரேடியோவுக்கு ஞாபகம் இருந்தது. இவங்களுக்குச் சொன்னா எங்க புரியப்போகுது. வீட்டுக்காரர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஒன்றைக்கூட அவள் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

"நீயும்தான்" என்றாள் அம்மா. "ஏதாவது விட்டுட்டுச் சொல்றப்ப என் கண்ணைப் பார்க்க மாட்டே, காதைப் பார்ப்பே. இன்னைக்கு மேடையிலயும் ஒண்ணு விட்டே. எல்லாரும் சிரிச்சாங்க. வணக்கம் சொன்னா யாராவது அப்படிச் சிரிப்பாங்களா?"

"உனக்குத் தெரியுமா? எப்பவுமே?"

"நாலு வயசுல இருந்து. இந்தச் சின்னப் பொண்ணு எவ்வளவு அழகா பொறுக்கி எடுத்துச் சொல்லுதுன்னு நினைச்சுப்பேன். விட்டதை நான் அவங்க மூஞ்சியில பார்த்துக்குவேன். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லலை."

இத்தனை வருடம் தான் அம்மாவைக் காப்பாற்றுவதாக அவள் நினைத்திருந்தாள். அம்மா அத்தனையையும் பார்த்துக்கொண்டு, தெரியாத மாதிரி இருந்து, மகளைக் காப்பாற்றியிருக்கிறாள். வெயிலில் நின்றபடி அம்மாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படி ஒரு ஆளுக்கா நான் வடிகட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்? வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

"சரி, இப்போ சொல்லு. அந்தப் பொண்ணு என்னதான் சொன்னா? எதையும் விடாதே."

ரேடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலில் ஸ்பீக்கர் ஒயரைச் சொன்னாள். அம்மா தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு அறிக்கையை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். பழைய மாதிரி என்று சொன்னாள். உதிரிப் பாகம் கிடைக்காது என்று சொன்னாள். அடுத்த வரி வந்ததும் கை நின்றது. அம்மா காத்திருந்தாள். ரேடியோ அம்மாவின் கண்ணை நேராகப் பார்த்து அதையும் சொன்னாள்.

"சுற்றியிருப்பது எதையும் அறியாதுன்னு சொன்னா."

அம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், அவளுக்கே கேட்காத அந்தச் சிரிப்பைக் கேட்டு டீ வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள்.

"அவ்வளவு தூரம் போயும் அதே பேச்சுதானா?" என்றது அம்மாவின் கை.